57.3 வரவில்லை என்று அழிக்கச் சொல்லாதீர்கள்

சேலம் மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பள்ளி ஆய்வக உதவியாளராக 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாடம் நடத்தியதில்லை. கரைசல் போட்டுக் கொடுத்து, பீக்கர் கழுவி, பிள்ளைகள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருடம் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி நடுநிலையாக்கல் வெப்பம், அதாவது அமிலமும் காரமும் சேரும்போது வரும் வெப்பம், அளந்தாள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் காஸ்டிக் சோடா 50 மில்லி. இரண்டும் 29 டிகிரி. பீக்கரைப் பெரிய எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்து, இடையில் பஞ்சு அடைத்து, மேலே அட்டை மூடி. (புத்தகங்கள் சொல்லும் தெர்மாகோல் கப்புக்கு 2019-லிருந்து நம் மாநிலத்தில் தடை. பஞ்சே போதும்.) ஊற்றிக் கலக்கியதும் பாதரசம் விறுவிறுவென்று ஏறி 35.2-ல் நின்றது. அவள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏற்றம் 6.2 டிகிரி. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக 4.18 ஜூல் வேண்டும். கரைசலை 100 கிராம் தண்ணீர் என்று வைத்துப் பெருக்கினால் 2,592 ஜூல். 50 மில்லியில் இருக்கும் 0.05 மோலுக்கு (மோல் என்பது வேதியியலில் பொருளை எண்ணும் அளவு) இவ்வளவு என்றால் ஒரு மோலுக்கு 51.8 கிலோஜூல். புத்தகத்தில் 57.3. நோட்டைப் பார்த்த ஆசிரியர், "6.8-னு மாத்திக்கம்மா, சரியா வந்துரும்" என்றார். பென்சிலில் எழுதியிருந்ததை அவள் ரப்பரால் அழித்தாள். தாள் நைந்துபோகும் அளவுக்கு அழுத்தி அழித்தாள்.

சாயங்காலம் அந்தப் பீக்கரைக் கழுவித் துடைத்துத் தராசில் வைத்தேன். 50 கிராம். ஒரு கிராம் கண்ணாடி ஒரு டிகிரி சூடாக ஏறத்தாழ 0.84 ஜூல் வேண்டும். 50 கிராமுக்கு, 6.2 டிகிரிக்கு, 260 ஜூல். முன்னதோடு கூட்டினால் 2,852. மோலுக்கு 57.0!

எல்லா நாளும் இப்படி ஒட்டி வராது. பீக்கரின் மேல்விளிம்பு முழுசாகச் சூடாவதில்லை, காற்றுக்கும் கொஞ்சம் போகும். ஆனால் அந்தப் பிள்ளை அளந்ததில் பிழையில்லை. கணக்கில் பீக்கரைச் சேர்க்காமல் விட்டது நாம்தான். மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குள் ரெக்கார்டில் 6.8 ஏறி, கையெழுத்தும் ஆகிவிட்டிருந்தது.

எண் குறைந்தால் காரணம் தேட எத்தனை இடம் இருக்கிறது! காஸ்டிக் சோடாவைக் கரைத்ததும் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அது ஆறுவதற்குள் எடுத்து ஊற்றினால் ஆரம்ப வெப்பநிலையே தப்பாகிவிடும். அதனால் நான் எப்போதும் முந்தின நாளே கரைத்து வைத்துவிடுவேன். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட தெர்மோமீட்டரில் அரை டிகிரி முன்பின்னாகப் பார்த்தாலே விடை நூற்றுக்கு ஏழெட்டு மாறும்.

ஏற்காட்டில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் 100 காட்டவில்லை என்று தெர்மோமீட்டரை ஒதுக்கிவிடாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். தெர்மோமீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. உருகும் ஐஸில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள், அது மலைமேலும் மாறாது.

நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மெக்னீசியம் எரியும்போது வரும் வெப்பத்தை நம் பள்ளிகளில் நேராக அளக்க வழியில்லை. மெக்னீசியத்தையும் அதன் ஆக்சைடையும் தனித்தனியே அமிலத்தில் கரைத்து அளந்து, தண்ணீர் உருவாகும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மோலுக்கு 602 கிலோஜூலுக்குப் பக்கத்தில் வரும். எந்த வழியாகப் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றுதான் என்று 1840-ல் ஹெஸ் சொன்ன விதி இது. நம் ஊர் வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சுட்டால் கிடைப்பதும் அந்த ஆக்சைடுதான். ஆனால் சூளையில் கடுஞ்சூட்டில் சுட்டது அமிலத்தில் லேசில் கரையாது, ஆய்வகத்துக்கென்று விற்கும் தூளையே வாங்குங்கள்.

நான் கேட்பது இதுதான். பிள்ளை பார்த்த அளவு பார்த்தபடியே நோட்டில் இருக்கட்டும். விடை குறைந்தால், மீதி வெப்பம் எங்கே போயிருக்கும் என்று கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "51.8 வந்தது, பீக்கரும் சூடானது" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். 57.3 என்று மட்டும் எழுதியிருந்தால், தெர்மோமீட்டர் எதில் ஆரம்பித்து எதில் நின்றது என்று கேளுங்கள்.

சோதனை செய்ய ஆள் இல்லை என்று தயங்கும் பள்ளி இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பஞ்சும் டம்ளரும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். கரைசலை மட்டும் முந்தின நாளே போட்டு வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர், சேலம்