செங்கல்லில் ஊறிய எண்ணெய்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே மழை விட்டு மூன்று நாளாகிறது, முருங்கை பூத்திருக்கிறது.

"பூமிக்கு அடியில் பெட்ரோல் ஏரி மாதிரி நிற்குமா தாத்தா?" என்று பேத்தி கேட்டாளாம், நீயும் ஆமாம் என்றாயாம். திருத்திச் சொல்லிவிடு. ஏரியும் இல்லை, குகையும் இல்லை. அவளிடம் ஒரு செங்கல்லைக் கொடுத்து மேலே ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றச் சொல். கல் உறிஞ்சிக்கொள்ளும், மேலே வெறும் ஈரம்தான் தெரியும். மணற்கல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் கச்சா எண்ணெயும் அப்படித்தான் ஊறிக் கிடக்கிறது.

டைனோசர் செத்து எண்ணெயானது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கடலில் மிதந்த பாசியும் நுண்ணுயிர்களும் செத்து, ஆக்சிஜன் எட்டாத அடிச்சேற்றில் படிந்தன. மேலே மண் ஏற ஏற அழுந்திச் சூடேறி, சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸில் எண்ணெயாயின. சூடு மிஞ்சினால் வாயுதான் கிடைக்கும். தண்ணீரைவிட லேசானது என்பதால் எண்ணெய் பாறை இடுக்குகளில் மேலே மேலே ஏறும். களிமண்பாறை மூடிபோல் குறுக்கே நின்றால்தான் தேங்கும்.

1930களில் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கச்சா எண்ணெயில் போர்ஃபிரின்களைக் கண்டார். இலைக்குப் பச்சை தருகிற பச்சையத்தின் மிச்சம் அவை! அதைப் படித்ததிலிருந்து, பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புதான்.

அரியலூர்ப் பக்கம் காரை கிராமத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஓடைச் சரிவில் கிடந்த அம்மோனைட் ஒன்றை, அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிரின் ஓட்டை, கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாய். சுருள் சுருளாக, வரி வரியாக, கையில் கனத்தது. டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸில் அங்கே இருந்த கடலின் படிவுகள் கிழக்கே போகப் போக டெல்டா வயல்களுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் இறங்கிவிடுகின்றன. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் இந்தக் காவிரிப் படுகையில்தான். மேலே நிற்கிற நெல்லும் வெயில் குடித்து வளர்ந்ததுதான், அடியில் ஊறிய எண்ணெயும் என்றோ வெயில் குடித்த பாசிதான். நெல்லை அடுத்த போகத்தில் மறுபடி விளைவிக்கலாம். எண்ணெய்க்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். அதை நாம் எரித்துத் தீர்க்கிற வேகத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, அந்த அம்மோனைட் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வை. பொங்கலுக்கு வரும்போது பேத்தியோடு சேர்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்