உன் 16 செகண்டு

அன்புள்ள மாப்ளைக்கு,

பதினோரு மாசம். நானே எண்ணிவிட்டேன், நீ எண்ண வேண்டாம். நடுவில் நீ அனுப்பிய இரண்டு செய்திக்கும் கட்டைவிரல் படம் போட்டுத் தப்பித்துக்கொண்டது உனக்கும் தெரியும். வேலை, உடம்பு என்றெல்லாம் காரணம் சொல்லப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் ஒட்டடைப் பயல் தன் தலையில் முடி நட்டுக்கொண்டான். அதை நேரில் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும், எழுத்தில் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடியும் கிட்டார் வாசிக்கிறேன். தனியாக இல்லை, ஒட்டடையின் தங்கச்சியோடு. இரண்டே பேர். ட்ரம்ஸுக்கு ஆள் இல்லை, மெஷின்.

சொல்லிவிட்டேன். இனி நீ திட்டலாம்.

மாடியில் நீ ட்ரம்ஸும் நான் கிட்டாருமாக நாம் கத்திக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்து நின்று, "அண்ணா, பரீட்சை இருக்கு" என்பாளே, அவளேதான். பழைய கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று போன வருஷம் வந்தாள். ஏற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா முனகிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை, வெறும் "ம்...". கீழ் ஸ்தாயியில் அப்படி ஒரு குரல் அவளிடம் இருக்கிறது என்று ஒட்டடைக்கே தெரியாது. நான் கிட்டாரை எடுத்து, சில ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒரு கார்டு பிடித்தேன். அவள் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. இப்போது நாலு பாட்டு இருக்கிறது. பெரியது பதினாலு நிமிஷம்.

என்ன மாதிரி பாட்டு என்று கேட்பாய். கோதிக்கின் இருட்டு, ஆம்பியன்ட்டின் மிதக்கும் அமைதி, மெட்டலின் கனத்த கிட்டார் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்: "கறுப்புச் சட்டை, மெழுகுவத்தி, தூக்க மாத்திரை." சட்டை பழைய சட்டைதான், மெழுகுவத்தி வாங்கவில்லை. 1991-ல் பாரடைஸ் லாஸ்ட் என்ற மெட்டல் குழுவினர் தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கே 'கோதிக்' என்று பேர் வைத்தபோது அந்த அட்டையைப் பார்த்து நாம் அடித்த கிண்டல் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. கோதிக் என்பது உடுப்பில் இல்லை மாப்ள, அந்தப் பேர் கொண்ட பழைய ஐரோப்பியத் தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. கூரை உயரமாக இருந்தால் சத்தம் சீக்கிரம் சாகாது. சத்தம் சாகாத இடத்தில் வேகமாக வாசிக்க முடியாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். ஆகவே மெதுவாக வாசிக்கிறாய். மெதுவாக வாசித்தால் சோகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, கூப்பிடவே வேண்டாம்.

எவ்வளவு மெதுவு என்றால், நிமிஷத்துக்கு 52 அடி. 180-ல் ஓடியவர்கள் நாம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு செகண்டுக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒரு செகண்டில் நான் என்னென்னவோ யோசித்துவிடுகிறேன், கேஸ் மூடினேனா என்பது உட்பட. வேகத்தில் தப்பு தெரியாது என்று நீ சொல்வாயே, சரிதான். மெதுவில் ஒவ்வொரு தப்பும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

தடித்த தந்தியை ஈ என்ற ஸ்வரத்திலிருந்து பி-க்கு இறக்கியிருக்கிறேன். 82 ஹெர்ட்ஸில் இருந்தது 62-க்கு வந்துவிட்டது. முதலில் பழைய தந்தியையே தளர்த்திப் பார்த்தேன், துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடியது. பிறகு இன்னும் தடியான செட் போட்டேன். அவ்வளவு கீழே, சத்தத்தைக் கரகரப்பாக்கும் அவ்வளவு டிஸ்டார்ஷனில், முழுக் கார்டு பிடித்தால் சேறு. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும், காந்தாரத்தை உள்ளே விட்டால் சண்டை வருகிறது. மூணு வருஷம் கிட்டார் வகுப்புக்குப் போய் நான் கற்றதில் பாதிக்கு வேலையே இல்லை.

எதிரொலிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கை துறுதுறுக்கிறது.

கம்ப்யூட்டரில் ஆயத்தமாக இருக்கிற எதிரொலி எல்லாம் சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. "அண்ணா, இது எல்லார் வீட்டிலும் இருக்கிற ஹால்" என்றாள். நம்முடைய இடத்தை நாமே பிடித்து வருவோம் என்றாள். ஒரு இடத்தில் பலூனை உடைத்து, அந்த 'டப்' எப்படி அடங்குகிறது என்று பதிவு செய்துகொண்டால் போதும். அப்புறம் எந்தக் குரலையும் அதற்குள் போட்டால் அந்த இடத்திலேயே நின்று பாடியது போல வரும். கணக்குதான், மந்திரம் இல்லை. 1988-ல் பாலின் ஒலிவெரோஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருடன் பூமிக்கு அடியில் இருந்த ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இறங்கினார். வாசித்தால் 45 செகண்டு அடங்காத தொட்டி. எங்களுக்கு அந்த யோகம் இல்லை. கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடம், ராத்திரி பதினொன்றரை. பதினேழு பலூன். அவள் கையை நீட்டிப் பிடிக்க, நான் குண்டூசியால் குத்த வேண்டும். முதல் ஐந்துக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன், ஒன்று அவள் விரலில். ஆறு செகண்டு ஓடியது சத்தம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அப்படி.

வீட்டுக்கு வந்து அவள் குரலை அதற்குள் போட்டோம். உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலாவது செகண்டில் ஒரு நாய் குரைத்தது. பதிவில் எங்கேயோ தூரத்தில் ஒரு நாய், எங்கள் காதில் விழவே இல்லை. அந்தக் குரைப்பு எதிரொலியின் பாகமாகிவிட்டது. அதாவது இனி அவள் எதைப் பாடினாலும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாலு செகண்டு கழித்து, அதே சுருதியோடு குழைந்து ஒரு நாய். அவள் ஒரு நீண்ட வரி பாடினாள், பின்னாலேயே பேய் பிடித்த நாய்க் கூட்டம் ஒன்று கோரஸ் பாடியது. கொசுவலைக் கச்சேரிக்கு அப்புறம் நான் அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த நாள் பத்து பலூனோடு மறுபடி போனோம்.

ஆனால் எதிரொலி ஆபத்தான பண்டம். சுவரில் விரிசல் இருந்தால் சுண்ணாம்பு அடித்து மறைப்பது போல, பாட்டில் ஒன்றுமே இல்லை என்பதை அது அழகாக மறைத்துவிடும். எங்கள் முதல் பாட்டு அப்படிப்பட்டதுதான். ஒரு கார்டு, ஒரு முனகல், மீதி எல்லாம் தூவானம். செய்த வாரம் அதை உலக அதிசயம் என்று நினைத்தோம். இப்போது அதில் நாலாவது நிமிஷத்துக்கு மேல் எனக்கே பொறுமை இல்லை. மூன்றாவது பாட்டில்தான் எதிரொலியைச் சட்டென்று வெட்டி, அவள் குரலை வெறும் அறையில் தனியாக நிற்க வைத்தோம். அந்த இடம் மட்டும் நன்றாக இருக்கிறது. மற்றதை நீ சொல்ல வேண்டும்.

மெஷின் பற்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கண்டுபிடித்த துரோகம் இல்லை. சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற ராக் குழுவினர் தங்கள் மெஷினுக்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பேர் வைத்துக் குழுவில் ஒருத்தராகவே சேர்த்துக்கொண்டார்கள். பர்மிங்ஹாமில் 1988-ல் காட்ஃபிளெஷ் என்ற மெட்டல் குழு, இரண்டே பேரும் ஒரு மெஷினும். அதில் ஜஸ்டின் பிராட்ரிக் அதற்கு முன்னால் ட்ரம்ஸ் வாசித்தவர் என்பது உனக்கு வலிக்கும், இருந்தாலும் சொல்கிறேன். டொரொன்டோவில் தொடங்கிய நாட்ஜா குழுவும் அதே கணக்குத்தான், இரண்டு பேர், ஒரு மெஷின். எங்கள் மெஷின் நேரத்துக்கு வருகிறது, கடன் கேட்பதில்லை, நடுவில் போன் பேசுவதில்லை. உன் பேரை வைக்கலாமா என்று சின்னவள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதுதான் இந்தக் கடிதம் பதினோரு மாசம் தள்ளிப்போன கதை.

அன்று காது பரிசோதனை முடிந்து வந்து அந்த வரைபடத்தைக் காட்டினாயே. கோடு நேராகப் போய் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. "இங்கேதான்டா விசில் அடிக்குது, ராத்திரி பகலா" என்று விரலை வைத்துக் காட்டினாய். நான் ஏதோ ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, எழுத மாட்டேன். அப்புறம் நான் படித்தேன். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் வரை தாங்கலாமாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகக் குறையும். நூறில் கால் மணி நேரம்தான். நாம் அந்த மாடியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இருந்தோம், மூன்று வருஷம். சிம்பல் தட்டு உன் முகத்துக்கு நேரே, என் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் உன் முதுகுக்குப் பின்னால். "குறைடா" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நீ திரும்பியதும் நான் ஏற்றிவிடுவேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் கதையை நீ எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாய். பட்டறையில் இரண்டு விரல் நுனி போனது, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி செய்து போட்டுக்கொண்டது, தந்தியைத் தளர்த்தியது, அந்தத் தளர்ச்சியில் இருந்தே அந்தக் கனமான சத்தம் வந்தது. அதை உன்னிடமே திருப்பிச் சொல்லி ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. விரலுக்குத் தொப்பி போடலாம். காதுக்குள் சத்தத்தைப் பிடிக்கிற மயிர்ச்செல் போனால் போனதுதான்.

ஆனால் ஒன்று. எங்கள் பாட்டில் சிம்பல் இல்லை, காலால் மிதிக்கிற ஹை-ஹாட் தட்டும் இல்லை. உனக்காகச் செய்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆறு செகண்டு எதிரொலிக்குள் சிம்பல் போனால் தகரக் கூரையில் மணல் கொட்டுவது போல இருந்தது, எடுத்துவிட்டோம். எடுத்த பிறகு பார்த்தால் உன் கிணறு இருக்கிற பக்கம் எங்கள் பாட்டில் ஏறக்குறைய காலி. தைரியமாகக் கேட்கலாம், சின்னச் சத்தத்தில். சத்தத்தைக் குறைத்தால் இந்தப் பாட்டு கெட்டுப்போகாது. 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்த பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்து இசைக்காரருக்கு, பார்க்க வந்த ஒருத்தர் ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் வேலையே செய்யவில்லை என்று தெரிந்தது. எழுந்து ஏற்றத் தெம்பில்லை. மழைச் சத்தத்தோடு கலந்து அப்படியே கேட்டார். ஆம்பியன்ட் என்று மூன்று வருஷம் கழித்து அவர் ஆல்பத்துக்குப் பேர் வைத்ததற்கு விதை அந்தப் படுக்கைதான். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதே. அதில் கிட்டார் காணாமல் போய்விடும், அவள் மட்டும் யாரையோ தேடிக்கொண்டு தனியாக அலைவாள்.

இப்போது அனுமதி.

கேசட்டை ஏற்றும்போது ஒன்று கிடைத்தது. பாட்டு இல்லை, பாட்டுக்கு முந்தியது. தரையில் நிற்குமே அந்தப் பெரிய ட்ரம், ஃப்ளோர் டாம், அதற்கு நீ சுருதி சரி பார்க்கிறாய். நாலு அடி, இடைவெளி விட்டு விட்டு. நான் "ஆரம்பிக்கலாமா" என்கிறேன். நீ "இரு" என்கிறாய். இன்னொரு அடி. மொத்தம் 16 செகண்டு. அதைப் பாதி வேகத்தில் ஓட விட்டோம், ஒரு ஸ்தாயி இறங்கி 32 செகண்டு ஆனது. டாம் அடி பெரிய கதவு மூடுவது போல விழுகிறது. எந்த மெஷினிலும் அது வரவில்லை, முயற்சி செய்துவிட்டோம், ஒரு வாரம். உன் "இரு" மட்டும் பாதாளத்திலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கிறது. சின்னவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாலாவது பாட்டு அதில்தான் ஆரம்பிக்கிறது. இப்போதைக்கு.

பெல் விட்ச் என்று ஒரு இரண்டு பேர் மெட்டல் குழு. அவர்களுடைய முன்னாள் ட்ரம்மர் 2016-ல் இறந்துபோனார். அடுத்த வருஷம் 83 நிமிஷத்துக்கு ஒரே பாட்டாக ஆல்பம் போட்டபோது, அவர் முன்பு பாடிவிட்டுப் போன குரலையும் உள்ளே வைத்தார்கள். அவர்கள் அவரிடம் கேட்டிருக்க முடியாது. நீ அங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், உன்னிடம் கேட்காமல் போட்டால் அது திருட்டு. வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம், காரணம் சொல்ல வேண்டாம். போடலாம் என்றால் "இரு"வை வைத்துக்கொள்ளவா, அடியை மட்டும் வைத்துக்கொள்ளவா என்று சொல். உன் பேரைப் போடலாமா என்பதையும்.

நாலு பாட்டையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். குழுவுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அந்தப் பழைய பேரைச் சொன்னால் இந்த ஜென்மத்தில் உன்னோடு பேச மாட்டேன்.

உன்,
கட்டை

பி.கு.: மூன்றாவது பாட்டின் கடைசி நிமிஷத்தில் ஒரு இடத்தில் நாயை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறோம். ஒட்டடைக்குக் கேட்கவில்லை. உனக்குக் கேட்கிறதா பார்.