தோற்றவனுக்கும் சிட்டா வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் என்னைத் திட்டுகிறாள். சம்பா நட்டாச்சு, மழையும் பரவாயில்லை.

மேட்டுத்தெருப் பையன் லீவு முடிந்து கிளம்புகிறான். ஐ.நா. அமைதிப்படைக்குப் போயிருக்கிற அவன் பட்டாலியன், நீ இருக்கிற தெற்கு சூடானிலேயே வடக்கே மலாக்கால் என்ற ஊரில் இருக்கிறதாம். பருப்புப்பொடி, வத்தக்குழம்புப்பொடி, நார்த்தங்காய் எல்லாம் அவனிடமே கொடுத்தனுப்புகிறோம். மலாக்காலிலிருந்து, எங்கள் பெண் இருக்கிற தலைநகர் ஜூபாவுக்கு எப்படித் தம்பி போய்ச் சேரும் என்று கேட்டேன். அவன் உன் அம்மா முகத்தைப் பார்த்தான். பிறகு "அதெல்லாம் சேந்துரும் மாமா" என்றான். நல்ல பையன். பொய் சொல்லத்தான் வரவில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மலேரியா மாத்திரையை நிறுத்தாதே.

தம்பிக்கு மட்டும் போட்டோ அனுப்பியிருக்கிறாய், பின்னால் ஆறு தெரிகிறது. ஜூபாவிலும் நைல்தானே ஓடுகிறது என்று அம்மாவுக்கு நானே சமாதானம் சொன்னேன். அந்தப் பையனிடம் பேசிக்கொண்டிருந்ததில் மலாக்காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நம் ராணுவத்தார் அங்கே ஆஸ்பத்திரி நடத்துகிறார்களாமே, மாடுகளுக்கும் சேர்த்து. மாடுதான் அங்கே சொத்து, பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசமும் மாடுதான், மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் ஊரே துப்பாக்கியோடு கிளம்பும் என்றான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கன்றுக்கு ஊசி போடுவதும் சமாதானப் பேச்சில் சேர்த்திதான் என்று எனக்குப் பட்டது.

மற்றதையும் படித்தேன். 2013 டிசம்பரில் அதிபர் ஆளுக்கும் அவரை எதிர்த்த தலைவர் மச்சார் ஆளுக்கும் சண்டை மூண்டபோது ஐ.நா. தன் முகாம் கேட்டைத் திறந்துவிட்டதும், ஆயிரக்கணக்கில் ஜனங்கள் உள்ளே ஓடி வந்ததும் பெரிய காரியம். அதை யாரும் மறுக்க முடியாது. அதே மாதம் அகோபோ என்ற ஊரில் அப்படி வந்தவர்களுக்குக் காவல் நின்ற நம் சிப்பாய்கள் இரண்டு பேர் உயிரை விட்டார்கள். 2016 பிப்ரவரியில் மலாக்கால் முகாமுக்குள்ளேயே ஆயுதக்காரர்கள் புகுந்து சுட்டுக் குடிசைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த வருஷம் ஜூலையில் ஜூபாவில் நடந்த சண்டையில் ஜனங்களைக் காப்பாற்றத் தவறியதற்கு, விசாரணை வைத்து ஐ.நா. தன் படைத் தளபதியையே நீக்கியது. நீலத் தொப்பி போட்ட ஐ.நா. சிப்பாய் வாசலில் நிற்கிறான் என்பதால் உள்ளே இருப்பவன் கண்ணை மூடித் தூங்க முடியாது என்று தெரிகிறது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நீதான் ஜூபாவில் இருக்கிறாயே.

இருட்டின பிறகு கேட்டுக்கு வெளியே போகாதே.

அத்தை போன வாரம் வந்து, பெண்ணுக்கு அங்கே என்னதான் வேலை என்று மறுபடியும் ஆரம்பித்தாள். சுதந்திரம் வாங்கின நாளிலிருந்து ஒரு பொதுத்தேர்தலைப் பார்க்காத நாட்டில் வாக்காளர் பட்டியல் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கிறாள் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். தாலுகா ஆபீஸ்காரன் மகள் ஐ.நா.வுக்குப் பட்டியல் போடுகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் போகிறவள் எங்கே போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் ஐ.நா. ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

"தேர்தல் நடந்துட்டா சரியாயிடும்பா" என்று போனில் சொன்னாய். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2023 என்றார்கள், 2024 என்றார்கள், இப்போது 2026 டிசம்பர் என்கிறார்கள். தள்ளிப்போவதில் எனக்கு வருத்தமில்லை. நான் பிரிசைடிங் ஆபீசராகப் போன பூத்துகளில், வாய்க்கால் தகராறில் ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைத்த ஆட்களே எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட்டாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பேப்பர் சீலில் இவன் கையெழுத்துப் போட்டதும் அவன் எட்டிப் பார்ப்பான். அரக்கு உருகுகிற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சுவிட மாட்டார்கள். அதெல்லாம் சரியாக நடந்தது எங்கள் சாமர்த்தியம் என்று அப்போது நினைப்பு. அது இல்லை. தோற்றவன் மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்து சிட்டா நகல் கேட்பான், நாங்கள் கொடுப்போம். தோற்றாலும் நிலம் போகாது, பிள்ளைக்கு ஜாதிச் சான்றிதழ் கிடைக்கும், ராத்திரி வீட்டில் படுக்கலாம். அந்தத் தைரியத்தில்தான் அவன் தோல்வியை ஒப்புக்கொண்டான். நீ இருக்கிற நாட்டில் தோற்றவனுக்கு என்ன மிஞ்சும்? 2018-இல் ஒப்பந்தம் போட்டு, 2020-இல் துணை அதிபராக உட்கார வைத்த மச்சாரை 2025 மார்ச்சில் வீட்டுக்காவலில் போட்டுவிட்டார்கள். இரண்டு தரப்புப் படையும் இன்னும் ஒரே படை ஆகவில்லை. இதில் மையை எந்த விரலில் வைத்தால் என்ன?

பெரியப்பா கம்போடியாக் கதை சொல்லும்போது நீ சின்னவள், மடியில் தூங்கிவிடுவாய். 1993 மே மாதம் ஐ.நா.வே முன்னின்று நடத்திய தேர்தல். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கொரில்லாக் கூட்டம் ஆயுதத்தையும் கொடுக்கவில்லை, ஓட்டுக்கும் வரவில்லை. யாருக்குப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று புரளி. அதை முறியடிக்க ஐ.நா. தனியாக ரேடியோவே வைத்து, ரகசியம் ரகசியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நம்பி வந்தார்கள், கிட்டத்தட்ட 90 சதவீதம். அதைச் சொல்லும்போது பெரியப்பாவுக்குக் குரல் கம்மும். அப்புறம்? ரணரித் கட்சிக்கு 58 இடம், ஹுன் சென் கட்சிக்கு 51. ஆனால் போலீசும் பட்டாளமும் 51-இன் கையில். ஆகவே இரண்டு பிரதமர்! 1997-இல் ஒருத்தர் இன்னொருத்தரைத் துரத்தினார். 160 கோடி டாலர் செலவு செய்தவர்கள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே மூட்டை கட்டிப் போய்விட்டார்கள்.

இங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. காசில்லாமல் ஐ.நா. அமைதிப்படையில் கால்வாசிப் பேரைக் குறைக்கப்போகிறது என்று 2025 அக்டோபரில் செய்தி வந்ததும், அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள், பாப்பா வந்துவிடுவாள் என்று. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கிழக்குத் தீமோரில் 2002-இல் கொடியேற்றிக் கொடுத்துவிட்டு ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், 2006-இல் போலீசும் பட்டாளமும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதும் திரும்ப ஓடி வந்து 2012 வரை இருக்க வேண்டியதாயிற்று, பாதியில் கிளம்புவதைப் போலக் கெடுதல் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப என் பொண்ணு அங்கயே கெடக்கட்டுமா?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு மோர்சாதம்தான்.

உன் கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள். தண்ணீர், மாத்திரை, இருட்டு, மூன்றையும் மறக்காதே.

டப்பா கைக்கு வந்ததும் போன் பண்ணு. எங்கேயிருந்து பேசுகிறாய் என்று அம்மா கேட்டால் ஜூபா என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: செவலைக்கு இரண்டாவது தடவையாக மடிநோய் வந்திருக்கிறது. இங்கே போட்ட ஊசி கேட்கவில்லை. அந்த மாட்டு டாக்டரைப் பார்க்கிற மாதிரி இருந்தால் என்ன மருந்து என்று கேட்டு எழுது.