ஒரே ஒரு நாள் கொடுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிற ஆசிரியர் நான். நேராகவே கேட்டுவிடுகிறேன். நிலக்கோளம் பாடம் நடக்கிற மாதத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒரே ஒரு நாள் கொடுங்கள்.

படிவுப் பாறை என்றால் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் வரி மாறாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் சிமென்ட் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறதே சுண்ணாம்புக்கல், அதுவும் படிவுப் பாறைதான், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் கடல் கிடந்தபோது படிந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல்லில் சிப்பிகள் அப்படியே பதிந்து கிடக்கின்றன, பூதக்கண்ணாடிகூட வேண்டாம். காரை கிராமத்துக்குப் போனால் மழைத்தண்ணீர் களிமண் மேடுகளை அறுத்து அறுத்துப் போட்ட கோலம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தெரியும், இடையிடையே ஜிப்சம் வெயிலில் மின்னும். மண் அரிப்புக்கு இதைவிட நல்ல படத்தை எந்தப் புத்தகத்தில் அச்சடிக்க முடியும்?

போன வருடம் எப்படியோ அனுமதி வாங்கி ஒரு வகுப்பைச் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப்போனேன். 18 மீட்டர் நீளம், ஏறக்குறைய 12 கோடி வருடப் பழசு, 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது என்று போகும்போதே பேருந்தில் எல்லாம் சொல்லியிருந்தேன், யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. அங்கே போனதும் ஒரு பெண் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மரம் எப்ப சார் கல்லாச்சு?" என்றாள். வண்டலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த தண்ணீர் ஊறி ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்ட கதையை அப்போது சொன்னேன். மொத்த வகுப்பும் சுற்றி நின்று கேட்டது. இருபது வருடமாக நான் பாடம் எடுக்கிறேன், அப்படி ஒரு அமைதியை வகுப்பறையில் பார்த்ததில்லை.

பேருந்துக்குப் பணமில்லையா, சரி, பள்ளியிலேயே செய்யலாம். ஆளுக்கொரு கண்ணாடி பாட்டிலில் அவரவர் வயல் மண்ணைக் கால்வாசி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலோரம் வைக்கச் சொல்லுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல் படியும், களி மறுநாள்கூடத் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். நான் செய்தபோது ஒரு பையன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கிணறு வெட்டும்போது மேலே கரிசல், அதற்குக் கீழே சுக்கான்கல், அப்புறம் பாறை என்று வந்த வரிசையைக் கையால் அளந்து காட்டினான். பரீட்சையில் எப்போதும் கடைசியில் நிற்கிற பையன் அவன்.

போர்ஷன் முடியாது என்பீர்கள். அந்த ஒரு நாளில் பாறை வகைகள், பாறைச் சிதைவு, அரிப்பு, படிவு எல்லாம் முடிந்துவிடும், திரும்ப நடத்த வேண்டியதில்லை. பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது. தண்ணீர் நிற்கிற பழைய சுரங்கக் குழிகள் பக்கம் யாரையும் விடக்கூடாது, நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர்களாவது வேண்டும், புதைபடிவங்களைப் பார்க்கலாம், பெயர்த்து எடுக்கக்கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கூட்டிப்போகிற நமக்கு இது முடியாதா?

மற்ற மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் சொல்கிறேன்: விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது, சென்னையில் பரங்கிமலையின் சார்னகைட் என்கிற கடினப் பாறை இருக்கிறது, தூத்துக்குடிப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடுகள் இருக்கின்றன.

பருவத் தேர்வு அட்டவணை போடும்போதே அந்த நாளையும் குறித்துவிடுங்கள். பெற்றோர் ஒப்புதல் படிவம், வழித்தடம், பிள்ளைகள் நிரப்ப வேண்டிய தாள் எல்லாம் என்னிடம் தயாராக இருக்கிறது. கேட்கிற பள்ளிக்கு அன்றைக்கே அனுப்புகிறேன்.