நோர்வேச் சொல்லை மூட்டுப் பார்த்து வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடு போகிற பிள்ளைகள் அந்த நாட்டு மொழியை இங்கேயே கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். மெத்தச் சரி. ஆனால் அந்த மொழியை இங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அவர் தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

என் தங்கையின் மகளுக்குப் போன வருடம் கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளை ஒஸ்லோவில். விசா வரும்வரை சும்மா இருக்காமல் திருக்கோணமலை நகரில் ஓர் இடத்தில் நொர்ஸ்க் (நோர்வே மொழி) வகுப்புக்குப் போகிறாள். ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் கொப்பியோடு வந்து உட்கார்ந்து, "மாமா, நெஹா எண்டா என்ன?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். 'பார் – நெஹா – கெ' என்று மூன்று துண்டாக எழுதி, பக்கத்தில் 'பாலர் பாடசாலை' என்று பொருள் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் இருபது சொல், இருபதும் இப்படித்தான், வாய்க்கு வசதியான இடத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை அந்தத் துண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள், துண்டு ஒன்றுக்கும் பொருள் கிடையாது.

2002இல் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்தம் வந்து, கண்காணிப்புக் குழுவின் வாகனங்கள் இந்த நகரத்தில் ஓடித் திரிந்த காலத்தில், நோர்வே என்ற பெயரைச் சொல்லாத வீடு இங்கே இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் மொழியில் ஒரு சொல்லைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது இவளோடு சேர்ந்து, மாப்பிள்ளை அனுப்பிய புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு, விளங்காததை வட்ஸ்அப்பில் அவரிடமே கேட்டுக் கேட்டுப் படிக்கிறேன். முப்பது வருடம் தமிழ் இலக்கணம் படிப்பித்தவன் என்பதால் ஒன்று உடனே கண்ணில் பட்டது. அந்த மொழியின் பெயர்ச்சொற்கள் பல தொகைச் சொற்கள், அதாவது சொல்லோடு சொல் சேர்ந்து ஆனவை. அவற்றுக்கு மூட்டு உண்டு. வெட்டினால் மூட்டில்தான் வெட்ட வேண்டும்.

பார்ன் என்றால் பிள்ளை. ஹாகெ என்றால் தோட்டம். நடுவில் ஓர் எகரம் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது: பார்ன் + எ + ஹாகெ, பார்னெஹாகெ. அந்த எகரம் என்ன? நம்முடைய சாரியைதான். புளி + அம் + பழம் புளியம்பழம் ஆகிறதே, பனை + அம் + காய் பனங்காய் ஆகிறதே, அந்த 'அம்' செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை, 'பார்னெபார்ன்' என்று எழுதிக் காட்டினேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளையின்ட பிள்ளை... பேரப்பிள்ளையோ மாமா?" என்றாள். அதேதான்.

ஸகர ஒற்றும் இப்படிச் சாரியையாக வரும். ஆர்பெய்ட் வேலை, ப்ளாஸ் இடம், நடுவில் ஸ் வந்து ஆர்பெய்ட்ஸ்ப்ளாஸ், வேலைத்தலம். (எழுத்தைப் பார்த்து எழுதுகிறேன், ஒலிப்பு சில இடங்களில் கொஞ்சம் வேறுபடும்.) மேசை விளக்குக்கு போர்ட்லாம்பெ, அதில் ஸ் இல்லை. எழுதுகிற மேசையின் விளக்கு என்றால் ஸ்க்ரீவெபோர்ட்ஸ்லாம்பெ, அதில் ஸ் வந்துவிடுகிறது. முன்னால் நிற்பதே ஒரு தொகைச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஸ் வந்து, பெரிய மூட்டு இங்கேதான் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். எல்லா இடத்திலும் வரும் என்று சொல்ல முடியாது, விலக்குகள் உண்டு.

பொருளின் தலை பெரும்பாலும் கடைசிச் சொல்லில்தான், தமிழில் இருப்பது போலவே. போட் என்றால் வள்ளம், நம் கடற்கரையில் சொல்கிற அதே போட்டுத்தான். ஹூஸ் வீடு. ஹூஸ்போட் என்றால் படகுவீடு, போட்ஹூஸ் என்றால் வள்ளத்தை ஏற்றி வைக்கிற கொட்டில். சொல்லின் பாலும் கடைசி உறுப்பைப் பார்த்தே வரும். ஆகவே சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயப்படாமல் வாலில் இருந்து வாசித்து வர வேண்டும்.

சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடுவதுதான் அங்கே பெரிய பிழை, நோர்வேக்காரர்களே விடுகிற பிழை. தூன்ஃபிஸ்க்பீட்டெர் என்று சேர்த்து எழுதினால் சூரை மீன் துண்டுகள். தூன்ஃபிஸ்க் பீட்டெர் என்று பிரித்துவிட்டால் சூரை மீன் கடிக்கிறது! பேச்சில் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் தொகைச் சொல்லின் முதல் உறுப்பில் பலமாக அழுத்தி, மிச்சத்தை ஒரே ஓட்டமாகச் சொல்லிவிடுவார்கள். எழுத்தில் அந்த அழுத்தம் தெரியாது, ஆகவே சேர்த்து எழுதுவதுதான் அதைக் காட்டுகிறது. நமக்கு அந்த வேலையை ஒற்று செய்கிறது. கீரைக்கடை என்றால் கடை, கீரை கடை என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்வது. நம் ஊர்ப் பெயரிலேயே க் என்ற ஒற்றை விட்டுவிட்டு எத்தனை பெயர்ப்பலகைகள்! பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனம் வருந்தும்.

வரி முடிவில் சொல்லைப் பிரிப்பதற்கும் அவர்களுக்கு விதி இருக்கிறது. மீனவனைக் குறிக்கும் ஃபிஸ்கெர் போன்ற தனிச்சொல் என்றால் ஒரு மெய் மட்டும் அடுத்த வரிக்குப் போகும், ஃபிஸ்-கெர். தொகைச் சொல் என்றால் அசையைப் பார்ப்பதற்கு முன் மூட்டைப் பார்க்க வேண்டும். பீல் என்றால் கார், டெக் என்றால் ரயர், பீல்டெக் என்பது கார் ரயர். அவர்கள் எழுத்தில் அதன் முதல் ஐந்து எழுத்தை மட்டும் பார்த்தால் பில்டெ, அதாவது படம். வெட்டு இரண்டு எழுத்து தள்ளிப் போனாலே வாசிக்கிறவன் வேறு சொல்லுக்குப் போய்விடுவான்.

எனக்கு மிகவும் பிடித்தது நாட்டோக். இங்கிருந்து கொழும்புக்கு இரவு ரயில் ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதுதான் இது. இரவைக் குறிக்கும் நாட் என்ற சொல்லின் முடிவில் இரண்டு ட், ரயிலைக் குறிக்கும் டோக் என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒரு ட், சேர்ந்தால் மூன்று. ஒரே மெய் மூன்று அடுத்தடுத்து நிற்க அந்த மொழி விடாது, ஒன்றை விழுங்கிவிடும். ஆனால் வரி முடிவில் பிரித்தால் விழுங்கிய ட் திரும்பி வந்து நிற்கும். கோணம் + மலை கோணமலை ஆகும்போது நம்முடைய மகர ஒற்றும் இப்படித்தானே கெடுகிறது? இந்த விதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் நாம் படிப்பித்திருக்கிறோம். கையில் இருக்கிற இந்தக் கருவியைத் தூக்கி வைத்துவிட்டு, அசை அசையாகக் கத்தரித்துக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

நொர்ஸ்க் படிப்பிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். புதுச் சொல் ஒன்றை எழுதிப் போடும்போது மூட்டில் ஒரு கோடு போடுங்கள், சாரியையை வட்டமிடுங்கள், கடைசி உறுப்பின் பொருளை முதலில் சொல்லுங்கள். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும் ஆசிரியரே. போன மாதம் நம் பத்திரிகையில் ஒரு பத்தியின் அடியில் 'திருக்கோ' என்றும் அடுத்த பத்தியின் தலையில் 'ணமலை' என்றும் பார்த்தேன். கணினி தானாக வெட்டுகிறது என்பது தெரியும், இருந்தாலும் ஒருவர் கண் வைத்துப் பார்த்துத் திருத்தலாம்.

கொப்பியில் இருந்த இருபது சொல்லையும் நாங்கள் இருவரும் இருந்து திருத்திவிட்டோம். அதே வகுப்பில் இன்னும் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் வீடுகளுக்கும் உங்கள் பேப்பர் போகிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருக்கோணமலை.