ராப்டரும் பதினான்கு ஐஸ் பெட்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியை மறுபடியும் திறந்துவிட்ட நாள் தொட்டு, எங்கள் சந்தித் தேநீர்க் கடையில் அரசியல் பேச்சுக் குறைந்து வாகனப் பேச்சுக் கூடிவிட்டது. பத்திரிகையை விரித்தாலும் அதே கதைதான். எத்தனை குதிரைவலு, திரை எத்தனை அங்குலம், மாதம் எவ்வளவு லீசிங் என்றெல்லாம் விளம்பரத்தில் இருக்கும். எவ்வளவு பாரம் ஏற்றும், ஒழுங்கைக்குள் திரும்புமா என்ற இரண்டும் மட்டும் கண்ணில் படாது. அந்த இரண்டையும் கேட்காமல் ஒரு கெப், அதாவது பின்பெட்டி வைத்த பிக்கப், வாங்கிய வீட்டுக் கதையைத்தான் எழுதுகிறேன். வீடு வேறு யாருடையதும் அல்ல, என் தங்கச்சியின் வீடு.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் 1985இல் சாரதியாகச் சேர்ந்து 2015இல் ஓய்வுபெற்றவன். வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, கந்தளாய் அணை உடைந்தது. அப்போது என் கையில் இருந்தது ஒரு பழைய லாண்ட் றோவர். 2.25 லீற்றர் டீசல் எஞ்சின், முழுதாக மிதித்தாலும் 62 குதிரைவலுதான். வயலும் றோட்டும் பிரித்துச் சொல்ல முடியாத அந்தச் சேற்றில் அது முதலாம் கியரில், கிழவன் தடி ஊன்றி நடப்பதுபோல் நடந்தே போய் வந்தது. பிறகு பல வருடம் டபள் கெப் ஓட்டினேன். குளக்கட்டு, கிரவல் றோட்டு, சப்பாத்துப் பாலம் எல்லாம் பார்த்தாயிற்று. இடுப்பு வலி அந்த வேலை தந்த ஓய்வூதியத்தின் ஒரு பகுதி.

என் மருமகன், தங்கச்சியின் மகன், கட்டாரில் பத்து வருடம் உழைத்து வந்தவன். நல்ல பிள்ளை, உழைப்பாளி. இறக்கண்டியில் மீன் எடுத்து ஹபரணை, தம்புள்ளைக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் போட்டான். திட்டம் சரி. அதற்கு அவன் கொழும்பில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்த வாகனம்தான், ஃபோர்ட் ரேஞ்சர் ராப்டர், 2019 மொடல். பாலைவன நாட்டில் வாரக் கடைசியில் மணல்மேட்டில் பறக்கிற வாகனங்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஆசை வந்திருக்கிறது. ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். நானும் ஒரு காலத்தில் கொழும்பில் ஒரு பஜேரோவைக் கண்டு றோட்டோரம் நின்றவன்தான்.

ஆனால் அது என்ன வாகனம் என்று முதலில் விளங்க வேண்டும். 2018 பெப்ரவரியில் பாங்கொக்கில் அறிமுகப்படுத்தி, தாய்லாந்திலேயே செய்த வாகனம் இது. கரடுமுரடான தரையில் வேகமாகப் பாய்வதற்கென்றே செய்தது. அதில் 'பாஹா' என்று ஓர் ஓட்ட முறை இருக்கிறது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனத்தில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயத்தை நினைத்து வைத்த பெயர். இன்னொரு முறை 'புல், சரளை, பனி'க்கு. திருகோணமலையில் பனி என்றால் மார்கழி விடியலில் குளத்து மேலே கிடக்கிற பனிதான். நான் அந்தப் பொத்தானை அமத்திப் பார்த்தேன், குளிரவில்லை.

பாய்ந்து விழும்போது அடி தெரியக்கூடாதென்று அதன் பின்புறத்தில் வழக்கமான வில்லுப்பட்டையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கும், ஃபொக்ஸ் நிறுவனத்தின் பருத்த ஷொக் அப்சோபரும் போட்டிருக்கிறார்கள். இங்கேதான் மருமகனின் கணக்குப் பிழைத்தது. வில்லுப்பட்டை பாரத்துக்கு, சுருள் ஸ்பிரிங் சொகுசுக்கு. சாதாரண ரேஞ்சர் ஏறத்தாழ ஒரு தொன் ஏற்றும். அதே ரேஞ்சரின் ராப்டர் வகைக்கு, நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறினாலும், 600க்கும் 750க்கும் இடைப்பட்ட கிலோதான். இழுவையும் அப்படியே: அது 3,500 கிலோ இழுக்கும், இது 2,500. பிரித்தானியாவில் ஒரு தொன் ஏற்றாத காரணத்தால் இதை வரிக் கணக்கில் வேலை வாகனமாகவே எடுக்கவில்லை.

மருமகனின் ஐஸ் பெட்டி ஒன்று, மீனும் ஐஸுமாக 60 கிலோ வரும். 14 பெட்டி என்றால் 840. அவனும் உதவிக்கு வரும் பொடியனும் சேர்ந்து 150. ஆக 990 கிலோ. சாதாரண டபள் கெப் பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுபோய்விடும். ராப்டரில் நடுவாக 700 என்று வைத்தாலும், ஆட்களைக் கழித்தால் 550 மிச்சம். ஒன்பது பெட்டி. மீதி ஐந்து பெட்டியும் கரையில் மீன் வாடியில் கிடக்கும், அல்லது இன்னொரு நடை. விற்ற இடத்தில் இதை யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். "அவங்க பாட்டு எப்படிக் கேக்கும் எண்டு ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டினாங்க மாமா" என்றான். அதுவும் நியாயம்தான், அவன் கேட்டதைத்தானே காட்டுவார்கள். மீன் தண்ணீர் ஒழுகும் என்று பின்பெட்டியில் தார்ப்பாய் விரித்து, அதற்கு மேலே ரப்பர் பாய் விரித்து, அதைத் தினமும் கழுவிக் காயப்போடுவது என் தங்கச்சியின் வேலையாகிவிட்டது தனிக்கதை.

மணல் கதைக்கு வருகிறேன். ஒரு பின்னேரம் இறக்கண்டிக் கடற்கரையில் வாடிவரைக்கும் இறக்கிக் காட்டுகிறேன் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். காய்ந்த வெள்ளை மணல், கால் வைத்தால் கணுக்கால் புதையும். முப்பது மீற்றர் போயிருப்போம், வண்டி மூக்கைக் குனிந்து நின்றது. அவன் பாஹாவைப் போட்டான், அக்சிலரேட்டரை மிதித்தான். 213 குதிரைவலுவும் சேர்ந்து குழி தோண்டியது. கரைவலைக்காரர் நாலைந்து பேர் வந்து நின்று, உழவு இயந்திரத்தைக் கொண்டுவரட்டுமா, எவ்வளவு தருவீர்கள் என்று சிரித்துக்கொண்டே விலை பேசினார்கள்.

நான் இறங்கிப் பார்த்தேன். நாலு டயரும் றோட்டில் ஓடுகிற காற்றில், கல்லுப்போல் இருந்தன. "காத்தைக் குறை" என்றேன். "காத்தைக் குறைச்சா ரிம் அடிபடாதா மாமா?" "நீ இறங்கு ராசா" என்று சொல்லிவிட்டு, சாவி நுனியால் வால்வை அமத்தி ஒவ்வொன்றாக இறக்கினேன். 35இலிருந்து 18 பி.எஸ்.ஐ. வரைக்கும், டயரின் அடிவயிறு மணலில் கொஞ்சம் பரந்து உட்காரும் மட்டும். நாலு டயருக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பிறகு சில்லுக்குப் பின்னால் இருந்த மணலைக் கையால் வழித்து விட்டு, சாதாரண முறையில், லோ கியரில், மிதிக்காமல் பின்னுக்கு எடுத்தேன். வந்த தடத்திலேயே மெதுவாக ஏறி வந்தது. கரைவலைக்காரருக்குத்தான் ஏமாற்றம். டயர் பரந்தால் பாரம் பரவும், பாரம் பரவினால் புதையாது. லாண்ட் றோவரில் செய்ததும் இதைத்தான். காற்று நிரப்பும் பம்ப் அவனிடம் இல்லாததால் நிலாவெளிவரை மணிக்கு 20 கிலோமீற்றரில் ஊர்ந்து வந்தோம். சைக்கிளில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

வாகனத்தில் பிழை இல்லை. அந்தப் பொத்தான்களும் குதிரைவலுவும் ஓட்டுகிறவனுக்குத் தராத ஒன்று இருக்கிறதென்று மட்டும் சொல்கிறேன். அது தெரிந்தவனுக்குச் சாதாரண நாலு சில்லு இழுவைக் கெப்பே எங்கள் கடற்கரைக்குப் போதும்.

வெள்ளத்துக்கு உதவும் என்பது மருமகனின் அடுத்த வாதம். இதை நான் லேசாக எடுக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மகாவலி பெருகி, மாவிலாற்றுப் பக்கம் வெள்ளத் தடுப்புக் கட்டு உடைந்து, மூதூரும் வெருகலும் பட்ட பாடு இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ராப்டர் 850 மில்லிமீற்றர் ஆழத் தண்ணீரில் போகும் என்கிறது கம்பனி. அதே காலத்துச் சாதாரண ரேஞ்சருக்கு 800. இரண்டு அங்குல வித்தியாசம். அதுவும் தேங்கி நிற்கிற தண்ணீருக்கான அளவு. சப்பாத்துப் பாலத்துக்கு மேலே பாய்கிற தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் எந்த வாகனத்தையும் தள்ளத் தொடங்கும். வாகனம் பெரிதென்றால் தண்ணீர் அமத்துகிற பக்கமும் பெரிது. அந்த நாட்களில் ஆட்களை மீட்டது படகும் ஹெலிகொப்டரும்தான். மருமகனின் ராப்டர் வேப்பமரத்தடியில் நின்றது. நல்லவேளை நின்றது.

சரி, அன்றாட ஓட்டத்துக்கு வருவோம். இதன் அகலம் 2,028 மில்லிமீற்றர், பக்கக் கண்ணாடி சேர்த்தால் ஏழு அடிக்கு மேல். திரும்புவதற்கு 12.9 மீற்றர் வட்டம் வேண்டும். தங்கச்சி வீட்டு ஒழுங்கையில் ஒரு ஓட்டோ எதிரே வந்தால் இரண்டில் ஒன்று சந்திவரை பின்னுக்குப் போக வேண்டும், பெரும்பாலும் ஓட்டோக்காரர் போவதில்லை. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தபோது கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் போனோம். உள்ளே போனதும் மான் ஒன்று வண்டிக்கு முன்னால் வந்தது. வந்ததைக் கண்டோம், பிறகு காணவில்லை. போய்விட்டது என்று மருமகன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனான். நான் பொறு என்றேன். பொனட்டுக்குக் கீழே, பம்பருக்கு முன்னால், அது நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.

எனக்கு அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை. மறுநாள் வீட்டுக் கதிரை ஒன்றை, அந்தப் பிளாஸ்டிக் கதிரையைத்தான், முற்றத்தில் வண்டிக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாரதி இருக்கையில் ஏறிப் பார்த்தேன். தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். வேலியருகே போன பிறகுதான் அதன் தலைப்பக்கம் தெரிந்தது. தங்கச்சியின் பேத்திக்கு மூன்று வயது, அந்தக் கதிரையை விடக் கொஞ்சம்தான் உயரம். இப்போது வண்டியை எடுக்க முதல் யாராவது முன்னால் வந்து நின்று கையைக் காட்ட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். இப்படியான வாகனம் வைத்திருக்கும் மற்றவர்களும் இந்தக் கதிரைச் சோதனையை ஒருதடவை செய்து பார்க்கட்டும், காசு செலவில்லை.

எண்ணெய்ச் செலவு பற்றி அதிகம் எழுதமாட்டேன். மருமகனின் டீசல் எஞ்சின் பரவாயில்லை. இப்போது வருகிற புது ராப்டரோ மூன்று லீற்றர் வீ-6 பெற்றோல், 397 குதிரைவலு. அவுஸ்திரேலியக் கணக்கில் 100 கிலோமீற்றருக்கு 11.5 லீற்றர் குடிக்கும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. பெற்றோல் 470 ரூபாய்க்குப் போன வருடம் அது. அந்த 20 லீற்றரில் இது திருகோணமலையிலிருந்து ஹபரணைக்குப் போய்த் திரும்பி வரும். அதோடு அந்த வாரம் முடிந்தது. அந்த வரிசையில் நிற்காதவர்களுக்கு, கட்டாரில் இருந்தவர்களுக்கு, இது விளங்காது. 397 குதிரையையும் கட்டிக்கொண்டு ஊருக்குள் 50, வெளியே 70 என்ற வேக எல்லைக்குள்தான் போகவும் வேண்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாகனத்தின் இருக்கையில் உட்கார்ந்து புல்மோட்டைப் பக்கத்துக் கிரவல் றோட்டில் போனால், குழி விழுந்தது கண்ணுக்குத்தான் தெரியும், இடுப்புக்குத் தெரியாது. முப்பது வருடம் வில்லுப்பட்டையில் குலுங்கினவன் சொல்கிறேன், இப்படி ஒன்று அந்த நாளில் தந்திருந்தால் நான் இன்னும் நிமிர்ந்து நடந்திருப்பேன். நாள் முழுக்கக் காட்டு றோட்டில் திரிகிற வேலை, பாரம் குறைவு, எண்ணெய்க்கு யாரோ காசு கட்டுகிறார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். எங்கள் பிரதான வீதிகள் இப்போது காபெட் போட்ட வழுவழுப்பான றோட்டு. அதில் போய் மீன் விற்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கவும் அந்த ஷொக் அப்சோபருக்கு என்ன வேலை?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாகனங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எழுதும்போது குதிரைவலுவுக்குப் பக்கத்திலேயே பாரம், அகலம், டயர் அளவு மூன்றையும் போடுங்கள். மருமகன் ஒரு டயர் மாற்ற விசாரித்தபோது இங்கே கையிருப்பில் இல்லை, கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு, பழைய டயரையே கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது மீனுக்கு ஒரு பட்டா, அந்தச் சின்ன லொறிதான், வாடகைக்குப் பிடித்திருக்கிறான். ராப்டரை விற்கப் போட்டிருக்கிறான். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு தேநீரும் குடித்துவிட்டுப் போகிறார்கள். விலைப்படும் மட்டும் சும்மா நிற்கக்கூடாது என்று அடுத்த மாதம் எல்லோருமாகக் கதிர்காமத்துக்குப் போகிறோம். ஓட்டப்போவது நான், டீசல் அவனுடையது. இருக்கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.