தொடாமல் காத்த கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

கடைசிப் பங்கேற்பாளரின் மதிப்பெண்ணும் இன்று பதிவாகிவிட்டது. உடல் விழாமல் நிற்கும் திறனை அளக்கும் மினி-பெஸ்டெஸ்ட் சமநிலைச் சோதனையின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும் ஆய்வு தப்பிப் பிழைத்து முடிந்துவிட்டது. நடுவில் ஆளில்லாமல் தடுமாறியதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது தோள் கொடுத்தவர்களே நீங்கள்தான்.

ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சக்கர நாற்காலி தள்ளுவது அந்த அண்ணனின் வேலை. ஆய்வுக் குழுவில் அவர் பெயர் கிடையாது. அப்படி நாங்கள் திகைத்து நின்றபோது, பணிநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்தார். "காவலுக்கு நான் நிற்கிறேன். நீங்கள் சோதனையைப் பாருங்கள்" என்றார்.

காவலுக்கு, அதாவது பங்கேற்பாளர் விழப்போனால் பிடிக்க, பக்கத்தில் நிற்பது லேசான காரியமல்ல. இந்தச் சோதனையின் 14 செயல்களில் மூன்று, நிலைகுலையும் உடல் எப்படி மீள்கிறது என்று பார்ப்பவை. அவற்றில் ஒன்றில், பங்கேற்பாளர் நம் உள்ளங்கைகளில் முதுகைச் சாய்ப்பார். சட்டென்று கையை விலக்குவோம். ஒரே பெரிய அடி வைத்துத் தானாக மீண்டால் மதிப்பெண் 2. பல அடிகள் தேவைப்பட்டால் 1. பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார் என்றால் 0. காவலுக்கு நிற்பவர் பதறி முந்திக்கொண்டு பிடித்தால், தானே மீளக்கூடியவரின் திறன் தெரியாமலே போய்விடும். பிந்தினால் ஆள் விழுந்துவிடுவார்.

பார்க்கின்சன் நோயுள்ள ஒரு பெரியவர் சாய்ந்து நின்றார். அண்ணன் பக்கவாட்டில் முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையை முதுகுக்குப் பின்னும் மறுகையை மார்புக்கு முன்னும், சட்டையில் படாமல் வைத்திருந்தார். நான் கையை எடுத்தேன். பெரியவர் ஓரடி பின்வைத்தார். பிறகு சின்னச் சின்னதாய் இன்னும் சில. அண்ணனும் அவரோடே நகர்ந்தார். கைகள் கடைசிவரை தொடவில்லை.

பெரியவர் நின்றதும் கேட்டார்: "தம்பி, நீ பிடித்தாயா?"

"இல்லை ஐயா, நீங்களேதான் நின்றீர்கள்."

தாளில் 1 என்று எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பகத்தன்மை (மீண்டும் அளந்தாலும் அதே விடை வருகிறதா), ஏற்புடைமை (அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா) என்று எத்தனை கணக்குப் போட்டாலும், அந்த 1 உண்மையாக இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. அதை உண்மையாக வைத்திருந்தவர் அவர்.

மொழிபெயர்த்தவர்கள், அதை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிட்டவர்கள், காணொளி பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் இட்ட பிசியோதெரபிஸ்டுகள், புள்ளியியல் ஆலோசகர், அறை தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. பக்கவாதம், தண்டுவடக் காயம் என்று தத்தம் துன்பங்களோடு வந்து, நடந்துகொண்டே மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணி, மறுசோதனைக்கும் முகம் சுளிக்காமல் திரும்பி வந்த பங்கேற்பாளர்களுக்கும், அவர்களை அழைத்து வந்த குடும்பத்தாருக்கும் எப்படி நன்றி சொல்வது? முடிவுகளை முதலில் உங்களிடம்தான் சொல்வேன், உங்களுக்குப் புரியும் விதத்தில்.

பயிற்சிக் கையேட்டில் காவலுக்கு நிற்பவருக்கென்று தனிப் பகுதி இருக்கும். அதை அண்ணனை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதப்போகிறேன். அவர் சம்மதித்தால், அவர் பெயரோடு.

நன்றியுடன்,
ஆய்வை நடத்திய பிசியோதெரபிஸ்ட்